கறுப்புத் தண்ணீர் வந்த ஊர்

கிணறு வெட்டினால் தண்ணீர் வரும். சில ஊர்களில் நல்ல தண்ணீர் வரும். சில ஊர்களில் உப்புத் தண்ணீர் வரும். ஓர் ஊரில் தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அந்த ஊரின் பெயர் நெய்வேலி.

நெய்வேலி என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? மின்சாரம், நிலக்கரி, பெரிய இயந்திரம். இந்தப் பாடத்தில் இவை எல்லாம் வரும். இவற்றைவிட அதிகமாக, அங்கே முன்பு இருந்த கிராமங்கள் வரும். நிலத்தைக் கொடுத்த குடும்பங்கள் வரும். அவர்கள் கையெழுத்துப் போட்ட காகிதங்கள் வரும்.

முந்திரிக் காடு

நெய்வேலி கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. முன்பு அது தென்னார்க்காடு மாவட்டம். ஒரு பக்கம் விருத்தாசலம். இன்னொரு பக்கம் வடலூர், பண்ருட்டி. டில்லியில் வேலை செய்யும் தமிழர்களில் பலருக்கு இந்த ஊர்கள் நன்றாகத் தெரியும். விருத்தாசலத்தில் ரயில் ஏறி வந்தவர்கள் நம் வகுப்பிலும் உண்டு.

அந்தப் பக்கம் செம்மண் பூமி. மேட்டு நிலம். முந்திரி, பலா, மல்லாட்டை நன்றாக விளையும். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. கடலூர்க்காரர்கள் மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

1930-களின் நடுவில் நடந்தது இது. ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்காரர் தன் நிலத்தில் ஆழமாகத் துளை போட்டார். தண்ணீர் வந்தது. கூடவே கறுப்பான பொருளும் வந்தது. வேறு ஒருவராக இருந்தால், "தண்ணி கெட்டுப்போச்சு" என்று குழியை மூடியிருப்பார். அவர் மூடவில்லை. இது என்ன என்று தெரிய வேண்டும் என்று நினைத்தார். அரசாங்கத்துக்குச் சொன்னார். அப்போது வெள்ளைக்காரர் ஆட்சி.

பிறகு பலர் வந்து துளை போட்டுப் பார்த்தார்கள். 1941-இல் பின்னி கம்பெனி பார்த்தது. 1943 முதல் அரசாங்கத்தின் நில ஆய்வுத் துறை பார்த்தது. சுதந்திரம் வந்த பிறகு ஆய்வு வேகமாக நடந்தது. பூமிக்கு அடியில் சுமார் 200 கோடி டன் இருக்கிறது என்று கணக்கிட்டார்கள். அந்தப் பொருளின் பெயர் பழுப்பு நிலக்கரி.

பழுப்பு நிலக்கரி என்றால் என்ன? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே பெரிய காடு இருந்தது. மரங்கள் சேற்றில் புதைந்தன. மேலே மண் சேர்ந்தது. மண்ணின் பாரத்தில் மரம் மக்கிக் கரியாக மாறியது. நன்றாக முற்றியது கறுப்பு நிலக்கரி. முற்றாதது பழுப்பு நிலக்கரி. அண்ணன், தம்பி மாதிரி. தம்பியின் உடம்பில் பாதி ஈரம். ஒரு கிலோ எடுத்தால் அரைக் கிலோ தண்ணீர்தான்.

ஈரக் கரியை ரயிலில் ஏற்றி வெகுதூரம் அனுப்புவது வீண் செலவு. ஆகவே, எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே எரிக்க வேண்டும். இதனால்தான் நெய்வேலியில் சுரங்கமும் மின் நிலையமும் அருகருகே இருக்கின்றன. நம் டில்லியின் கதை வேறு. பதர்ப்பூர் மின் நிலையத்துக்குக் கறுப்பு நிலக்கரி வெகுதூரத்திலிருந்து ரயிலில் வந்தது. அந்த நிலையம் 2018 அக்டோபரில் மூடப்பட்டது.

மண்ணைத் தோண்டிய நான்கு ஆண்டுகள்

காமராஜர் 1954-இல் முதலமைச்சர் ஆனார். நெய்வேலித் திட்டம் வர வேண்டும் என்று மத்திய அரசிடம் வலியுறுத்தினார். 1956 நவம்பரில் நெய்வேலி நிலக்கரிக் கழகம் தொடங்கியது. இது மத்திய அரசின் நிறுவனம். 1957 மே 20-ஆம் தேதி பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார்.

உடனே கரி கிடைத்ததா? இல்லை. நான்கு ஆண்டுகள் வெறும் மண்ணைத்தான் தோண்டினார்கள். மண்ணுக்குக் கீழே மணற்பாறை. இரும்புப் பற்களையே தேய்த்துவிடும் பாறை. வெடி வைத்துத் தளர்த்திய பிறகுதான் இயந்திரத்தால் வெட்ட முடிந்தது. ஜெர்மனியிலிருந்து ராட்சத இயந்திரங்கள் வந்தன. பெரிய சக்கரம், அதைச் சுற்றி வாளிகள். சக்கரம் சுழலும்போது ஒவ்வொரு வாளியும் மண்ணை அள்ளும். 1961 ஆகஸ்டு மாதம் கரி கண்ணில் பட்டது. 1962-இல் மின்சாரம் வந்தது. முதல் மின் நிலையம் கட்ட ரஷ்யா உதவி செய்தது. அது 600 மெகாவாட் நிலையம். பல ஆண்டுகள் ஓடி, 2020-இல் மூடப்பட்டது. புதிய நிலையங்கள் இப்போது ஓடுகின்றன.

இங்கே தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரிக்குக் கீழே மணல் இருக்கிறது. மணலில் தண்ணீர் இருக்கிறது. அந்தத் தண்ணீர் சும்மா இருக்காது. மேலே வரத் துடிக்கும். கொதிக்கும் சோற்றுப் பானையின் மூடி தூக்கிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மூடிமேல் அம்மிக்குழவியை வைத்தால் மூடி அசையாது. குழவியை எடுத்தால்? நெய்வேலியில் மேலே இருந்த மண்தான் குழவி. மண்ணை எடுத்தால் சுரங்கத்தின் தரையே பிளந்து தண்ணீர் பொங்கும். அதனால் பல துளைகள் போட்டு இரவும் பகலும் தண்ணீரை இறைக்கிறார்கள். ஒரு டன் கரி எடுக்கப் பல டன் தண்ணீர் இறைக்க வேண்டும். இந்தத் தண்ணீரில் ஒரு பகுதி மின் நிலையத்துக்கும் நகரத்துக்கும் போகிறது. மிச்சம் வாலாஜா ஏரி பக்கம் பாசனத்துக்குப் போகிறது. ஆனால் சுற்றியுள்ள விவசாயிகள், "எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட்டது" என்கிறார்கள்.

ஊர் போனது, எண் வந்தது

பூமிக்கு அடியில் சுரங்கம் தோண்டுவதில் இரண்டு வகை உண்டு. ஜரியா, ராணிகஞ்ச் பக்கம் குகை போலத் தோண்டிய சுரங்கங்கள் உண்டு. அங்கே மேலே வீடு இருக்கும், கீழே ஆள் வேலை செய்வார். நெய்வேலியில் அப்படி முடியாது. அது திறந்த சுரங்கம். மேலே உள்ள எல்லாவற்றையும் எடுத்தால்தான் கரி தெரியும். வீடு, வயல், முந்திரித் தோப்பு, குளம், சுடுகாடு எல்லாம் போக வேண்டும்.

பழைய நெய்வேலி கிராமம் போனது. பக்கத்துக் கிராமங்கள் பல போயின. புதிய நகரம் எழுந்தது. அழகான நகரம். நேரான சாலை, மரம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. அங்கே தெருப் பகுதிகளுக்கு ஊர்ப்பெயர் இல்லை, எண்தான். வட்டம் 1, வட்டம் 2 என்று போகும். ஆனால் சில பழைய பெயர்கள் பிழைத்துக்கொண்டன. வில்லுடையான்பட்டு முருகன் கோயில் அதில் ஒன்று. பங்குனி உத்திரத்துக்கு அங்கே கூட்டம் தாங்காது. ஊர் மாறிப் போனவர்களும் காவடி எடுக்க வருகிறார்கள்.

ஜம்புலிங்க முதலியார் 620 ஏக்கர் நிலத்தைத் திட்டத்துக்குக் கொடுத்தார் என்று நெய்வேலிக்காரர்கள் சொல்கிறார்கள். அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். அரை ஏக்கர் கொடுத்தவரின் பெயர் யாருக்கும் தெரியாது. 620 ஏக்கர் பெரிய கொடைதான். ஆனால் அரை ஏக்கர்க்காரருக்கு அந்த அரை ஏக்கரே முழுச் சொத்து. எனக்கு அவர் கொடுத்ததும் பெரிதாகவே தெரிகிறது.

சுரங்கத்தால் நன்மை இல்லையா? உண்டு. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகம், ஆந்திரா, புதுச்சேரிக்கு நெய்வேலி மின்சாரம் போனது. பலருக்கு நிரந்தர வேலை கிடைத்தது. அவர்கள் பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் நிலம் கொடுத்த எல்லோருக்கும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. பலர் ஒப்பந்தத் தொழிலாளர்களாகவே இருந்தார்கள். இந்த வழக்கும் போராட்டமும் பல ஆண்டுகளாக நடந்து வருகின்றன.

பணம் எப்படிக் கணக்கிட்டார்கள்?

அரசாங்கம் பொதுக் காரியத்துக்கு நிலம் எடுக்கலாம். அதற்கு 1894-ஆம் ஆண்டில் வெள்ளைக்காரர் காலத்தில் போட்ட சட்டம் இருந்தது. அது 2013 வரை நீடித்தது. 119 ஆண்டுகள்!

நிலத்துக்கு விலை வைக்க அதிகாரிகள் பத்திரப் பதிவைப் பார்ப்பார்கள். பக்கத்து நிலம் என்ன விலைக்குப் போனது என்று பத்திரத்தில் இருக்கும். இங்கேதான் சிக்கல். நம் ஊரில் நிலம் வாங்கும்போது பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதுவது வழக்கம். ஏன்? முத்திரைத்தாள் செலவு மிச்சம். 10,000 ரூபாய்க்கு வாங்கிய நிலத்தை 4,000 என்று எழுதுவார்கள். பிறகு அரசாங்கம் நிலம் எடுக்க வரும்போது, "பத்திரத்தில் 4,000 தானே இருக்கிறது" என்று கேட்கும். அந்த ஒரு பத்திரம் பக்கத்து நிலக்காரர்களின் விலையையும் குறைத்துவிடும்.

விலைக்கு மேல் ஒரு தொகை தருவார்கள். அதன் பெயர் ஆறுதல் தொகை. பழைய சட்டத்தில் அது நூற்றுக்கு 15. 1984-இல் நூற்றுக்கு 30 ஆக்கினார்கள். 2013-இல் வந்த புதிய சட்டத்தில் நூற்றுக்கு 100. இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிலத்தின் மதிப்பு 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கிடைத்திருக்கக்கூடியது 1,15,000. பிறகு 1,30,000. புதிய சட்டத்தில் 2,00,000. கிராமத்து நிலம் என்றால் மதிப்பையே கொஞ்சம் உயர்த்திக் கணக்கிட வேண்டும் என்றும் புதிய சட்டம் சொல்கிறது. இந்தச் சட்டம் 2014 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது.

இரண்டு சொற்கள்

இந்தப் பாடத்தில் முக்கியமான இடம் இது. மெதுவாகப் படியுங்கள்.

பணம் வாங்கும்போது ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். "இவ்வளவு ரூபாய் பெற்றுக்கொண்டேன்" என்று அதில் இருக்கும். பழைய சட்டத்திலும் புதிய சட்டத்திலும் ஒரு விதி இருக்கிறது. பணம் குறைவு என்று நீங்கள் நினைக்கலாம். அதற்காகப் பணத்தை வாங்காமல் இருக்கத் தேவையில்லை. வாங்கலாம். ஆனால் "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிவிட்டு வாங்க வேண்டும். அப்படி எழுதாமல் வாங்கினால், பிறகு அதிகம் கேட்க முடியாது. அந்த வழி அடைபட்டுவிடும்.

இரண்டே சொற்கள். எழுதத் தெரிந்தவர் எழுதினார். கைநாட்டு வைத்தவர் எழுதவில்லை. காகிதத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் படித்துச் சொல்லவும் இல்லை. இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து வயல், ஒரே மண். ஆனால் ஒருவர் கோர்ட்டுக்குப் போக முடிந்தது. மற்றவரால் முடியவில்லை. நெய்வேலி மட்டும் அல்ல, அணை, ரயில் பாதை, விமான நிலையம் வந்த பல ஊர்களுக்கும் இந்த விதி பொருந்தும்.

காலமும் முக்கியம். தொகையை அறிவிக்கும்போது நீங்கள் அங்கே இருந்தால், ஆறு வாரத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். ஆறு வாரம் என்றால் 42 நாள். தாலுகாவிலும் மாவட்டக் கோர்ட்டிலும் இலவச சட்ட உதவி மையம் உண்டு. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் அங்கே உதவி செய்ய வேண்டும்.

இதைப் படித்தபோது வகுப்பில் ஒரு அக்கா கேட்டார்: "நாங்க நிலமே இல்லாத ஜனங்க பாப்பா. களை எடுக்கப் போனோம், கரும்பு வெட்டப் போனோம். நெலம் போனா நெலக்காரருக்குப் பணம் வரும். எங்களுக்கு என்னா வரும்?"

நல்ல கேள்வி. பழைய சட்டத்தில் இதற்குப் பதில் இல்லை. 2013 சட்டத்தில் இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பிக் கூலி வேலை செய்த குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். குத்தகைக்காரரும் அப்படியே. அவர்கள் மறுவாழ்வு உதவி கேட்கலாம். ஆனால் "நான் இங்கே வேலை செய்தேன்" என்று காட்ட வேண்டும். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வேலை அட்டை இவை அங்கே பயன்படும்.

இன்னொரு பெரியம்மா டில்லிக்கு வந்து 30 வருஷம் ஆகிறது. அவர் சொன்னார்: "பட்டா எங்கப்பா பேருல இருக்கு. அண்ணன்தான் அங்க இருக்கான். நான் கட்டிக்கொடுத்த பொண்ணு. எனக்கென்ன இருக்கு?" இருக்கிறது, பெரியம்மா. 2005-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பூர்வீகச் சொத்தில் மகனுக்கு உள்ள பங்கு மகளுக்கும் உண்டு. கல்யாணம் ஆகிவிட்டது என்பது காரணம் ஆகாது. நிலத்தை அரசாங்கம் எடுத்தால் அந்தப் பணத்திலும் பங்கு கேட்கலாம். ஊரிலிருந்து "இதுல ஒரு கையெழுத்துப் போடு" என்று காகிதம் வந்தால், முதலில் தலைப்பைப் படியுங்கள். விடுதலைப் பத்திரம் என்று இருந்தால், "எனக்குப் பங்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுப்பதாகப் பொருள். அண்ணன் தம்பிக்கு மனம் ஒத்துக் கொடுப்பது உங்கள் விருப்பம். தெரியாமல் கொடுப்பது வேறு.

பச்சை வயலில் இயந்திரம்

கதை பழங்கதை என்று நினைக்காதீர்கள். சுரங்கம் நீண்டுகொண்டே போகிறது. செம்மண் மேட்டிலிருந்து நெல் வயல் பக்கம் வந்துவிட்டது.

சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் வளையமாதேவி என்ற ஊர் இருக்கிறது. 2023 ஜூலை 26-ஆம் தேதி அங்கே மண் வெட்டும் இயந்திரங்கள் வந்தன. பரவனாற்றைத் திருப்பி விட வாய்க்கால் தோண்ட வேண்டும் என்றார்கள். வயலில் நெற்பயிர் பச்சையாக நின்றது. பயிரின் மீதே இயந்திரம் ஏறியது. பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் அந்தப் படம் வந்தது. நாடு முழுவதும் பேசினார்கள்.

நிறுவனம் என்ன சொன்னது? "இந்த நிலத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துவிட்டோம். பணம் கொடுத்தாயிற்று." விவசாயிகள் என்ன சொன்னார்கள்? "பணம் போதாது. வேலை கொடுக்கவில்லை. இத்தனை வருஷமும் நாங்கள்தான் உழுதோம். அறுவடை வரை பொறுத்தால் என்ன?" சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வழக்குப் போனது. பயிருக்காக ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க நீதிமன்றம் உத்தரவு போட்டது. காகிதத்தில் அந்த நிலம் நிறுவனத்தின் நிலம். கண்ணுக்கு அது விவசாயியின் வயல். நிலத்தை எடுத்ததும் வேலையைத் தொடங்காமல் பல ஆண்டுகள் விட்டு வைத்தால் இப்படித்தான் சிக்கல் வரும். இரண்டு தரப்பு நியாயத்தையும் வகுப்பில் பேசிப் பாருங்கள். என் மனம் அறுவடை வரை பொறுத்திருக்கலாம் என்ற பக்கம்தான் போகிறது.

அந்த வாளிச் சக்கர இயந்திரத்தைச் செய்த ஜெர்மனியிலும் இதே கதை உண்டு. அங்கேயும் பழுப்பு நிலக்கரிக்காகப் பல கிராமங்களைக் காலி செய்தார்கள். 2023 ஜனவரியில் லுட்சராத் என்ற சிறிய கிராமத்தில் போலீஸ் புகுந்து, மறியல் செய்தவர்களைத் தூக்கி வெளியேற்றியது. இங்கிலாந்தில் நிலக்கரியில் ஓடிய கடைசி மின் நிலையம் 2024 செப்டம்பரில் மூடப்பட்டது. கரிப்புகையால் பூமி சூடாகிறது என்பதால் உலகம் மெல்ல மெல்ல கரியை விட்டு விலகப் பார்க்கிறது. கரி முடிந்த பிறகு, கரியை நம்பி இருந்த ஊர் என்ன செய்யும்? நெய்வேலியில் தோண்டி முடித்த குழிகளை மண் போட்டு மூடி மரம் நடுகிறார்கள். சில குழிகள் ஏரியாக நிற்கின்றன. முந்திரி விளைந்த மேல்மண் மட்டும் பழையபடி மேலே வருவது கடினம்.

டில்லியிலும் காகிதம்தான்

நமக்கு நெய்வேலியில் நிலம் இல்லை என்று சிலர் நினைக்கலாம். டில்லிக்கு வருவோம். ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரத்தில் மதராஸி முகாம் இருந்தது. தமிழ்க் குடும்பங்கள் பல பத்து ஆண்டுகளாக வாழ்ந்த இடம். நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1-ஆம் தேதி அதை இடித்தார்கள். சுமார் 370 குடும்பங்கள். தகுதி உள்ளவர்களுக்கு நரேலாவில் வீடு என்றார்கள். எல்லோருக்கும் தகுதி கிடைக்கவில்லை. எந்த ஆண்டிலிருந்து இங்கே இருக்கிறீர்கள் என்பதை எது காட்டும்? காகிதம்தான். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் கேள்வி வரும். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் இன்னொரு பெயர் என்று நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

சொல் பழகுவோம்

பட்டா: நிலம் யாருடையது என்று காட்டும் அரசாங்கக் காகிதம்.
கூட்டுப் பட்டா: பலர் பெயர் சேர்ந்து இருக்கும் பட்டா.
புறம்போக்கு: அரசாங்க நிலம்.
இழப்பீடு: இழந்ததற்குக் கொடுக்கும் பணம்.
ஆட்சேபணை: ஒப்புக்கொள்ளவில்லை என்று சொல்வது.

எழுதிப் பழகுவோம்

கீழே உள்ள ரசீதைச் சத்தமாகப் படியுங்கள். பிறகு நோட்டில் எழுதுங்கள். புள்ளி வைத்த இடத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள்.

"......... ஆகிய நான், என் நிலத்துக்கான இழப்பீடு ரூபாய் 1,30,000 (ஒரு லட்சத்து முப்பதாயிரம்) ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்."

எண்ணிலும் எழுத்திலும் தொகை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் இருப்பவரின் நோட்டையும் வாங்கிப் பாருங்கள்.

பேசிப் பார்ப்போம்

நெய்வேலியில் மின் நிலையத்தைச் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே ஏன் கட்டினார்கள்?

பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதினால் யாருக்கு லாபம்? யாருக்கு நஷ்டம்?

உங்கள் ஊரில் அணை, சாலை, ஆலை எதற்காவது நிலம் எடுத்தார்களா? அப்போது யார் கையெழுத்துப் போட்டார்கள்? வீட்டுப் பெண்களைக் கேட்டார்களா?

அடுத்த வகுப்புக்கு வரும்போது உங்கள் பெட்டியில் இருக்கும் ஏதாவது ஒரு காகிதத்தின் நகலைக் கொண்டு வாருங்கள். பட்டா, ரேஷன் கார்டு, வாடகைச் சீட்டு எதுவானாலும் சரி. அசல் வேண்டாம், அது வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும்.